வீடும் வரியும் விளைவும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் என்னிலும் மூத்தோரும் கற்றோரும் பலர் பேசிச் சென்றிருக்கின்றனர். யான் பொருளியலை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவன். எனினும் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. காரணம் யாதெனில், இங்கே என்னுடன் அமர்ந்திருக்கும் வாலிபர் பலருடைய மேசை இலாச்சியில் கடவுச்சீட்டு ஆயத்தமாய் இருக்கிறது. போவதா, இருப்பதா என்பதே எம் தலைமுறையின் கேள்வி. அக்கேள்விக்கு விடை எம் மனத்திலே மட்டும் இல்லை; நாட்டின் சட்டங்களிலும், ஊரின் வழக்கங்களிலும், திறைசேரியின் கணக்கிலும் இருக்கிறது. அதனை எடுத்துக் காட்டுவதே இன்று என் நோக்கம்.

பொருளாதார வாய்ப்பு என்று சொல்கிறோமே, அஃது என்ன? ஒருவன் தன் உழைப்பை ஓரிடத்தில் இட்டால், அதன் பயனை அவ்விடத்திலேயே அவனும் அவன் மக்களும் துய்க்கக்கூடிய நிலை. இதற்கு மூன்று வேண்டும். குடியிருக்க ஓர் இடம் வேண்டும். உழைத்ததில் நியாயமான பங்கை மட்டும் கொண்டு, அதனைப் பொதுநன்மையாகத் திருப்பித் தரும் அரசு வேண்டும். நேற்று ஒரு நாள் உழைப்பில் விளைந்ததைவிட நாளை ஒரு நாள் உழைப்பில் கூடுதலாக விளையவேண்டும். வீடு, வரி, விளைவு என இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம்.

இவற்றைத் தனித்தனியே பேசுவோர் பலர். ஆனால் இவை தனித்தனி அல்ல. மக்கள் மிச்சம் பிடித்த பொருள் எங்கே போய்த் தங்குகிறது என்பதை வீட்டுக் கொள்கையும் வரிக் கொள்கையும் தீர்மானிக்கின்றன. அப்பொருள் எங்கே தங்குகிறதோ அதைப் பொறுத்தே நாட்டின் விளைவு பெருகும், அல்லது சுருங்கும். இதற்குச் சான்று தேடி நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. எமது குடாநாடே போதும்.

வீடு

யாழ்ப்பாணத்தாருக்கு வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டும் அன்று. 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் ஏட்டில் எழுதுவித்த தேசவழமையை நோக்குங்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுத்து வைத்த சமூகம் எம்முடையது. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து அனுப்புதல் இங்கே நெடுநாள் வழக்கம். அதில் ஒரு நன்மை இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பெண்ணுக்குத் தன் பெயரில் ஓர் உறுதி, தன் காலின் கீழ் ஒரு நிலம் இருந்தது. உலகில் பல நாடுகளில் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லாதிருந்த காலத்தில் எம் தாய்மாருக்கு அது இருந்தது.

ஆனால் அதன் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்மவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர்; புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்தனர். மாதந்தோறும் மணியோடர் வந்தது. அப்பணம் எங்கே போயிற்று? காணியாயிற்று, கல்வீடாயிற்று, சீதனமாயிற்று, ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்பாயிற்று. அப்படிப்போ அவர்களை மீண்டும் கந்தோருக்கே அனுப்பிற்று. பட்டறையாகவோ ஆலையாகவோ ஆனது சிறிதே. இதனால் எமது நாட்டுக்கு மணியோடர்ப் பொருளாதாரம் என்றே பெயர் வந்தது. இன்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் பணமும் பெரும்பாலும் அதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. வாய்க்கால் பழையது, தண்ணீர்தான் புதியது.

அதன் பயனை ஒழுங்கை தோறும் காணலாம். மாடிவீடு எழுகிறது, வாயிலில் பெரிய இரும்புப் படலை, படலையில் பூட்டு. வருடத்தில் ஒரு மாதம், திருவிழாக் காலத்தில், பூட்டுத் திறக்கும். மற்றப் பதினொரு மாதமும் ஒரு வயோதிப உறவினர் விளக்கேற்றி முற்றம் கூட்டுவார். அதே ஒழுங்கையின் கோடியில் ஒரு பரப்புக் காணியும் சொந்தமில்லாத குடும்பம் தகரக் கொட்டிலில் இருக்கும். வெளிநாட்டுக் காசு காணி விலையை ஏற்றிவிட்டபடியால், உள்ளூரில் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியனோ தச்சனோ தன் ஆயுட்கால மிச்சத்தாலும் அதே ஊரில் ஒரு வளவு வாங்க இயலாது. வீடுகள் பெருகின, ஆனால் வீடில்லாதவன் வீடில்லாதவனாகவே இருக்கிறான். வீடுகளின் தொகையும் வீட்டு வசதியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அரசாங்கம் இதில் என்ன செய்தது? இலங்கையில் பலவிதமான வைத்தியங்கள் பார்க்கப்பட்டன. 1972 இல் வாடகைச் சட்டமும், 1973 இல் வீட்டுச் சொத்துக்களுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டமும் வந்தன. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லை இடப்பட்டது. வாடகைக் குடியிருப்பாளர் பலர் வீட்டுக்காரராயினர். அது நன்றே. ஆனால் வாடகைக்கு வீடு கட்டிப் பிழைத்தோர் கையை மடக்கிக்கொண்டனர். இருந்த வீட்டில் இருந்தவனுக்கு நன்மை. புதிதாய் வீடு தேடி வந்தவனுக்கு முட்டு. விலையைக் கட்டுப்படுத்துவது எளிது. பொருளைப் பெருக்குவது அரிது.

பின்னர் றணசிங்க பிரேமதாச அவர்கள் வேறொரு வழியில் சென்றார். 1978 இல் ஓரிலட்சம் வீடுகள் திட்டமும், 1984 இல் பத்திலட்சம் வீடுகள் திட்டமும் தொடங்கின. பிந்திய திட்டத்தில் அரசு தானே வீடு கட்டிக்கொடுக்காது, சிறுகடன் கொடுத்து, ஏழையைத் தன் கையால் தன் வீட்டைக் கட்டச் செய்தது. ஐக்கிய நாடுகள் சபை 1987 ஆம் ஆண்டை வீடற்றோருக்கு உறைவிடம் அளிக்கும் ஆண்டாகப் பிரகடனம் செய்ததும் அவர் முன்வைத்த யோசனையின் பேரிலேயே. ஆயினும் 1983 இன் பின் போர் மூண்ட எமது பகுதிக்கு அத்திட்டத்தின் நன்மை முழுமையாய் வந்து சேரவில்லை.

வரவில்லை என்பது மட்டுமோ? 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்பட்டது. அதே ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். பின் வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தே வடக்கிற்குக் கொண்டுவரக் கூடாத பண்டமாயிற்று. நாட்டுக்குச் சீமெந்து கொடுத்த மண்ணில் ஒரு சுவருக்குப் பூசச் சீமெந்தில்லை. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தலும் வெளிவந்தது. அதன்பின் ஒரு பகுதி மக்களிடம் மீண்டது, முழுவதும் மீளவில்லை. அங்கே பறிபோனவை வீடுகள் மட்டும் அல்ல; குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் தோட்டங்களும் கிணறுகளுமாம். ஒரு குடும்பத்தை அதன் வளவிலிருந்து பெயர்த்தால் அதன் தொழிலையும் வேரோடு பெயர்த்தவராவோம்.

போர் முடிந்தபின் இந்திய அரசின் நன்கொடையாக வீட்டுத்திட்டம் வந்தது. 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கிய கட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டு, அவர்களே கட்டிக்கொள்ளுமாறு விடப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் கூரையின் கீழ் வந்தன. நன்றி மறக்கலாகாது. ஆனால் கூரை வந்த வேகத்தில் தொழில் வரவில்லை. கட்டுமானச் செலவு ஏறியபோது குறைத் தொகைக்குக் கடன்பட்டோர் பலர். நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் கிழமைதோறும் படலைக்கு வந்தன. கடைசியில் 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரவேண்டியதாயிற்று. வீட்டைக் கொடுத்து விளைவைக் கொடாது விட்டால், வீடே கடனுக்கு வாயிலாகும் என்பது இதனால் நாம் கற்ற பாடம்.

இங்கே சிங்கப்பூரை ஒருகணம் நோக்குவோம். எம் பாட்டன்மார் எழுதுவினைஞராய் இருந்த ஊர் அது. வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராசரத்தினம் அவர்கள் அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சராய் இருந்தார். 1960 இல் அங்கே வீடமைப்பு அபிவிருத்திச் சபை ஏற்பட்டபோது, மக்களில் பத்தில் ஒருவர்கூடப் பொதுவீட்டில் இருக்கவில்லை. இன்று பத்தில் எட்டுப்பேர் அளவில் இருக்கின்றனர். இரகசியம் யாது? 1955 இல் தொடங்கிய மத்திய சேமநிதியில் தொழிலாளியின் சேமிப்புக் கட்டாயமாய்ச் சேர்ந்தது. 1968 முதல் அச்சேமிப்பைக் கொண்டே அவன் வீடு வாங்க அனுமதிக்கப்பட்டான். அவ்வீடுகளில் பல தொழிற்சாலைக்கு எட்டிய தூரத்தில் எழுந்தன. சேமிப்பு, வீடு, தொழில் மூன்றும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன. ஆனால் அரசு காணிகளைப் பெருவாரியாகத் தன் கையில் எடுத்தே அதனைச் செய்தது. ஒரு காணிக்கு ஒன்பது பங்காளிகள் உள்ள எமது மண்ணில் அதை அப்படியே நடப்பது இயலாது. அரசு காணி எடுத்தலின் கசப்பை நாம் அறிவோம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய சட்டத்தை அன்று, அந்த இணைப்பை.

வரி

இனி வரியைப் பார்ப்போம். வரி என்றவுடன் முகஞ் சுளிப்பது மனித இயல்பு. எம் முன்னோரும் இதனை ஆழ நினைத்தவரே. புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரையைப் படித்திருப்பீர்கள். சிறுநிலத்து நெல்லாயினும் அறுத்துக் கவளமாக்கி யானைக்கு ஊட்டினால் பலநாளைக்குக் காணும். யானை தானே வயலுக்குள் புகுந்தால் நூறு வயலும் போதா. அதன் வாய் உண்பதிலும் கால் மிதித்து அழிப்பது அதிகம் என்பது அதன் கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழமையுடைய இவ்வறிவை விஞ்சிய வரித் தத்துவம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்பேன்.

யானை வயலுக்குள் புகுந்த கதைகள் எம் தீவில் பல. ஆங்கிலேயர் காலத்தில் நெல்லுக்கு விதித்த தானிய வரியைக் கட்டமுடியாது, 1880 களில் நுவரெலியாப் பகுதியின் வலப்பனையில் ஏழைக் கமக்காரர் பலருடைய நிலங்கள் ஏலம் போயின. எதிர்ப்பு வலுத்து, ஆள்பதி ஹவ்லொக் காலத்தில், 1893 தொடக்கத்தோடு அவ்வரி ஒழிந்தது. விளைவின் மேலேயே விழும் வரி விளைவிப்பவனை ஒழிக்கும் என்பதை அது காட்டிற்று.

பின்னர் வேறொரு பாடம் கிடைத்தது. 1958 இல் கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டர் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். வருமானத்தை மட்டும் பாராது, செல்வந்தன் செய்யும் செலவுக்கே வரி விதிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1959 இல் செலவு வரியும் செல்வ வரியும் சட்டமாயின. செலவு வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவை அன்று இந்தியாவும் இலங்கையுமே. கொள்கை அழகியது, ஆனால் கணக்கைக் கேட்டு வாங்கி ஆராயும் அதிகாரிகளும் ஏடுகளும் போதியன இல்லை. இரு நாட்டிலும் அது நிலைக்கவில்லை. சட்டம் எழுதுவது ஒன்று; அதை நடத்தும் கை வேறொன்று.

மூன்றாவது பாடம் எம் கண்முன் நடந்தது. 2019 இன் முடிவில் புதிய அரசாங்கம் வரிகளை ஒருசேரக் குறைத்தது. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆயிற்று. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்வோர் பதிவு செய்யவேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியன் ஆயிற்று. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. பலரும் கைதட்டினர். நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 11 க்கும் 12 க்கும் இடையில் இருந்த வரி வருவாய் 2020 இல் ஏறத்தாழ 8 க்கு இறங்கிற்று. பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது. பிசிராந்தையார் உவமையை இங்கே சற்று நீட்டிச் சொல்லலாம்: யானைக்குக் கவளத்தை நிறுத்தினார்கள், பசித்த யானை கட்டை அறுத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்தது.

எப்படிப் புகுந்தது? அச்சடித்த காசாய்ப் புகுந்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ அண்மித்தது. பணவீக்கமும் ஒரு வரியே. பாராளுமன்றம் விவாதியாத வரி. வங்கிப் புத்தகத்தில் சிறுசேமிப்பு வைத்திருந்த விதவையிடமும் ஓய்வூதியக்காரரிடமும் முதலில் அறவிடப்படும் வரி. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறிற்று. குருநகர்க் கடற்றொழிலாளியும் கோப்பாய்க் கமக்காரனும் அதை எப்படித் தாங்கினர் என்பது உங்களுக்குத் தெரியும். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2019 இல் நூற்றுக்கு 11 பேரளவில் இருந்த வறியோர் 2022 இல் 25 பேராயினர்.

பின் வந்தது பரிகாரம். பெறுமதி சேர் வரி 8 இலிருந்து 12, 15 என ஏறி, 2024 சனவரி முதல் 18 ஆயிற்று. 2023 இல் மாதம் ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு, படிப்படியாய் நூற்றுக்கு 36 வரை, வரி விழுந்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் விமானமேறினர். பத்து மடங்கு வருமானமுள்ளவனும் தோட்டக் கூலியாளும் ஒரு சவர்க்காரக் கட்டிக்குக் கட்டும் வரி ஒன்றே. ஆனால் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் மாடிவீட்டுக்கும், விலை ஏறட்டும் என்று வேலியடைத்துப் போட்டிருக்கும் வெறுங்காணிக்கும் நாம் ஆண்டுக்கு என்ன கட்டுகிறோம்? நகரத்திலே சிறிது ஆதன வரி. கிராமத்திலே பெரும்பாலும் பெயரளவுக்கு. உழைப்பின் மேல் பாரமாய் விழும் வரி, உறங்கும் சொத்தைத் தடவிக்கொடுக்கிறது. அப்படியானால் மிச்சக்காசு வைத்திருப்பவன் எங்கே போடுவான்? ஆளை வேலைக்கமர்த்தும் பட்டறையிலா, உறங்கும் காணியிலா?

விளைவு

மூன்றாவதாக விளைவு. உற்பத்தித்திறன் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். அதனைக் கிணற்றடியில் விளக்கலாம். துலாவால் இறைத்த காலத்தில் துலா மிதிக்க ஒருவரோ இருவரோ, பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைப்பார்கள். இறைப்பு இயந்திரம் வந்தபின் அதே நிலத்துக்கு ஒருவரே தண்ணீர் கட்டினார். உழவுக்கு லான்ட்மாஸ்டர் வந்தது. மிஞ்சிய கைகள் வேறு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயின. விளைவு பெருகுதல் என்பது இதுவே. ஆளை அதிகமாய் வருத்துதல் அன்று, ஆளின் ஒரு மணி நேரத்துக்கு அதிக பெறுமதி உண்டாக்குதல்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சுண்ணாம்புக்கல் நிலத்தில், கிணற்று நீரை மட்டும் நம்பி, எம் கமக்காரர் செய்த சாதனை சிறிதன்று. 1970 க்கும் 1977 க்கும் இடையில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் தலை நிமிர்ந்தான். கல்வீடுகள் பல வெங்காயக் காசில் எழுந்தன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது, பிறநாட்டு மிளகாயும் வெங்காயமும் மலிவாய் வந்து குவிந்தன, விலை சரிந்தது. எது சரி, எது பிழை என்று பெரியோர் இன்றும் வாதிடுகின்றனர். யான் கேட்பது வேறு. விலை உயர்ந்திருந்த அந்த ஏழு வருடத்திலும் ஈட்டிய பொருளில் எவ்வளவைக் களஞ்சியம் கட்டவும், நல்ல விதை ஆராயவும், பதனிடும் ஆலை நிறுவவும் இட்டோம்? மதில் பாதுகாப்புத் தருவது, உள்ளே இருப்பவன் பலம் பெறுவதற்காக. மதில் ஒருநாள் விழும் என்பதை நாம் நினைக்கவில்லை, அரசும் நினைப்பூட்டவில்லை.

விளைவைப் பெருக்குவது நீண்ட வேலை. கெடுப்பதற்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒருநாளில் தடைசெய்யப்பட்டது. எமது கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று ஊறியிருக்கிறது என்பது உண்மை. உரத்தைக் குறைக்கவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆயத்தமின்றி விதித்த தடையால் நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரில் தடையை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. கமம் என்பது பள்ளிக்கூடக் கரும்பலகை அன்று; அழித்து மறுபடி எழுதவியலாது.

இன்று வட மாகாணத்தில் நாட்டின் மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர் வாழ்கின்றனர். நாட்டின் மொத்த உற்பத்தியிலோ எம் பங்கு 4 க்கும் 5 க்கும் இடையில் நிற்கிறது. மேல் மாகாணம் ஒன்றே 40 க்கு மேல். 1981 இல் யாழ் மாவட்டத்தில், கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், 738,788 பேர் இருந்தனர்; 2012 இல் 583,882 பேர். போர் கொண்டது போக, போர் முடிந்தபின்னும் எம்மவர் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மிகக் கவலைக்குரிய ஏற்றுமதி எமது வாலிபரே.

மூன்றும் சேருமிடம்

ஒரு கமக்காரனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். எட்டுப் பரப்புத் தோட்டம், அதாவது அரை ஏக்கர். நான்கு பிள்ளைகள். பங்கு பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு. இரண்டு பரப்பில் லான்ட்மாஸ்டர் திரும்பவும் இடமில்லை. இரண்டு பெண்களுக்கு வீடு வேண்டும். ஆகவே தோட்டத்தில் ஒரு பகுதி ஈடாகிறது. மூத்த மகன் இறைப்பு இயந்திரம் வாங்க வைத்திருந்த காசு கொழுத்தும் வெயிலில் அத்திவாரக் கல்லாகிறது. எரிபொருளிலும் வீட்டுச் சாமானிலும் வரி ஏறுகிறது, விளைவு ஏறவில்லை. இளைய மகன் என்ன செய்வான்? முகவரைத் தேடிப் போவான். அவனைக் குறை சொல்லலாமோ? வீட்டு வழக்கம், வரிச் சட்டம், விளைவுக் குறை என்ற மூன்று சுவருக்குள் நின்றவனுக்குத் திறந்திருந்த ஒரே வாயில் அதுதான்.

ஆகவே யான் சொல்ல விரும்பும் யோசனைகள் மூன்று.

முதலாவது பெரியோருக்கு. பெண்ணுக்குச் சொத்துக் கொடுங்கள். அது எம் மரபின் பெருமை. ஆனால் அது சுவராகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை விடுங்கள். ஒரு தொழிலில் பங்காகவோ, படிப்பாகவோ, கைப்பிடித்து வேலை செய்யும் இயந்திரமாகவோ இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை அறை என்று கேட்பதை விடும் நாளில், குடாநாட்டின் முதலில் ஒரு பெரும்பங்கு விடுதலையாகும்.

இரண்டாவது ஊராட்சி மன்றங்களுக்கு. பூட்டிய வீட்டுக்கும் வெறுங்காணிக்கும் ஒரு வரியும், ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் பயிர் நிற்கும் காணிக்கும் அதனிற் குறைந்த வரியும் என வகுக்க வழி காணவேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் வெகுண்டெழுவர் என அஞ்சவேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டால் வரி குறையும் என்றால், வாடகைக்கு விடுவார்கள். வந்த காசு எங்கே போயிற்று என்பதை மன்ற வாசலில் எழுதி ஒட்டவேண்டும். கவளம் எங்கே போகிறது என்று கண்டால் கொடுப்பவன் மனம் கோணான். பொருளாதாரத் தடைக்காலத்தையும் உரத்தடையையும் கண்ட நாம் மத்திய அரசிடம் கேட்கவேண்டியது இது: வரியையும் தடையையும் திடீரென ஏற்றி இறக்காதே, ஐந்து வருடத்துக்கு முன்னறியச் சொல், எடுத்த காணியை உழுதவனிடம் கொடு.

மூன்றாவது எமக்கு, வாலிபராகிய எமக்கு. இரண்டு பரப்புக்காரர் இருபதுபேர் சேர்ந்தால் நாற்பது பரப்பு. தனித்து வாங்கமுடியாத இயந்திரத்தையும் குளிரூட்டிய களஞ்சியத்தையும் சேர்ந்து வாங்கலாம். இது புதுமை அன்று. 1930 களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கண்டவர்கள் எம்மவர். யாழ் நகரில் நாம் நாடகமும் கூட்டமும் பார்க்கும் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவாளர் பெயரால் எழுந்தது. அம்மண்டபத்தில் கைதட்டத் தெரிந்த நாம், அதை எழுப்பியோரின் கணக்குப் புத்தகத்தையும் படிக்கவேண்டும். எம் சங்கத்து வாசிகசாலையில் வருடந்தோறும் வரவு செலவுத் திட்டத்தை ஒரு நாள் இருந்து வாசித்து விவாதிக்கலாம். சமய பாடம் கற்பிப்பதற்கும் பந்து விளையாடுவதற்கும் நேரம் காண்கிறோம். எங்கள் சட்டைப்பையில் கைவைக்கும் காகிதத்தைப் படிக்க ஒரு மாலை காணமாட்டோமா?

யான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். அங்கே காலைக் கூட்டத்தில் தாலந்து உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எசமான் ஒப்படைத்த பொருளை நிலத்தில் தோண்டிப் புதைத்துவைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்த வேலைக்காரன் கடியப்பட்டான். அவன் திருடவில்லை, சூதாடவில்லை, பத்திரமாக வைத்திருந்தான். குற்றம் அதுவே. எம் வீட்டிலே பாட்டியும் இதே கருத்தைத் தன் வழியிற் சொல்வாள்: பெட்டிக்குள் இருக்கும் விதைநெல் பசிக்கும் உதவாது, பயிருக்கும் உதவாது என்று. இரு வீட்டாரும் ஒருமித்துச் சொல்லும் புத்தியை நாம் கேளாதிருக்கலாமோ?

நாட்டின் செல்வம் என்பது எத்தனை மாடி எழுந்தது என்பதில் இல்லை. எத்தனை பிள்ளைகள் தம் ஊரிலேயே தொழில் செய்து, தம் உழைப்பாலேயே குடிபுக முடிந்தது என்பதில் இருக்கிறது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இனி வரும் ஒவ்வொரு சட்டத்தையும், ஒவ்வொரு வாக்குறுதியையும், எம் வீட்டு ஒவ்வொரு கலியாணப் பேச்சையும் அளந்து பாருங்கள்.